மொகுஹாங்கா: நிறம் புள்ளி புள்ளியாக விழுகிறது, ரிஜிஸ்டர் தள்ளிப்போகிறது

கவாசாகிவாசி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். மொகுஹாங்கா பழக ஆரம்பித்திருக்கிறேன். எண்ணெய் மை, பிரஸ் எதுவும் இல்லாமல் நீர் வண்ணத்தைப் பலகையில் தடவி, தாளின் முதுகைக் கையால் தேய்த்து எடுக்கும் ஜப்பானிய மர அச்சு. முதல் வேலை சின்னதாக இருக்கட்டும் என்று தபால் அட்டை அளவு, 10 × 14.8 செ.மீ. எடுத்துக்கொண்டேன். ஒரு கோட்டுப் பலகை, இரண்டு நிறப் பலகைகள்.

கையில் இருப்பவை: 6 மி.மீ. ஷினா (லிண்டன் வகை மரம்) ப்ளைவுட், பள்ளிப் பிள்ளைகளுக்கான ஐந்து உளி செட், அதே வகை அட்டை பாரென் (தாளின் முதுகைத் தேய்க்கும் வட்டத் தட்டு), ட்யூப் வாட்டர்கலர், சுமி என்ற கறுப்பு மை, யமாட்டோ நோரி (மாவுப் பசை), ஷூ பாலிஷ் போடும் குதிரைமுடி பிரஷ், தோசா என்ற பூச்சு பூசாத கோஸோ நார்த் தாள்.

நடப்பது இதுதான். பெரிய நிறப் பரப்பு நிரம்பாமல் வெள்ளைப் புள்ளிகளாக வருகிறது. தண்ணீர் கூட்டினால் புள்ளி குறைகிறது, ஆனால் ஓரத்தில் அடர்ந்த வளையம் விழுகிறது, செதுக்கி எடுத்த பள்ளமும் கறையாகப் பதிகிறது. ரிஜிஸ்டர், அதாவது நிறங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துவது, தப்புகிறது: இரண்டாவது நிறம் 1 முதல் 2 மி.மீ. வரை தள்ளி விழுகிறது, அதுவும் தாளுக்குத் தாள் வேறு வேறு பக்கம். தாளைத் தூக்கும்போது அதன் நார் பலகையில் ஒட்டிக்கொள்கிறது. கோட்டுப் பலகையில் மர ரேகைக்குக் குறுக்கே ஓடும் மெல்லிய கோடுகள் உதிர்கின்றன.

எதை முதலில் சரிசெய்வது? கருவிகளை மாற்றினால்தான் ஆகுமா, அல்லது கையில் இருப்பதை வைத்தே தேறலாமா?

---

ஈரத்தாள்

வணக்கம் நண்பரே. உளியைக் கடைசியில் பார்க்கலாம். கோடு உதிர்வதைத் தவிர நீங்கள் சொன்ன எல்லாமே தண்ணீரில்தான் போய் முடிகின்றன. பலகையில் எவ்வளவு ஈரம், தாளில் எவ்வளவு, பிரஷ்ஷில் எவ்வளவு என்று மூன்று கணக்கு இருக்கிறது. ஒன்று தப்பினால் மற்ற இரண்டும் சேர்ந்து தப்பும். புதுக் கருவி வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

பலகை. காய்ந்த ஷினாவில் நேராக நிறம் தடவினால் மரம் தண்ணீரைக் குடித்துவிடும், நிறமி மட்டும் மேலே வறண்டு நிற்கும். தாளுக்கு அது ஏறாது. அச்சடிப்பதற்குப் பதினைந்து நிமிடம் முன்னால் பலகையை ஈரத்துணியால் துடையுங்கள். உறிஞ்சியதும் இன்னொரு முறை, பிறகு மூன்றாவது முறை. பளபளப்பு இல்லாமல், தொட்டால் குளுமையாக, நிறம் கொஞ்சம் கருத்து இருந்தால் பலகை தயார். அப்படியும் முதல் ஐந்தாறு தாள்கள் சோதனைத் தாள்கள்தான். பலகை நிறத்தைப் பிடித்து நிலைக்கு வர அவ்வளவு ஆகும். நல்ல தாளை அதற்கு முன் எடுக்கவே வேண்டாம், வெட்டி மிஞ்சிய துண்டுகள் போதும். பலகைக்கு அடியிலும் ஓர் ஈரத்துணி விரித்துக்கொள்ளுங்கள். தேய்க்கும்போது நழுவாது.

தாள். உலர்ந்த தாளில் மொகுஹாங்கா வரவே வராது. முந்தின இரவே நனைத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு தாளையும் நனைக்க வேண்டாம். அகலமான பிரஷ்ஷால் ஒரு தாளில் தண்ணீர் தடவி, அதன் மேல் இரண்டு உலர்ந்த தாள், மறுபடி ஒரு நனைத்த தாள் என்று அடுக்குங்கள். தாள் மிகச் சின்னதாக இருந்தால் செய்தித்தாளை நனைத்து இடையில் வைப்பது இன்னும் சுலபம். அடுக்கைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, மேலே ஒரு பலகையும் இரண்டு புத்தகமும் வைத்து 8 முதல் 12 மணி நேரம் விடுங்கள். எல்லாத் தாளிலும் ஈரம் ஒரே அளவாகப் பரவியிருக்கும். காலையில் ஒரு தாளைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள்: ஜில்லென்று இருக்க வேண்டும், கன்னத்தில் ஈரம் ஒட்டக் கூடாது. ஒளியில் சாய்த்துப் பார்த்தால் மினுமினுப்புத் தெரிந்தாலும் தண்ணீர் அதிகம். அப்போது நடுநடுவே உலர்ந்த தாள் சொருகி ஒரு மணி நேரம் அழுத்தி வையுங்கள்.

வேலை நடக்கும்போது அடுக்கை எப்போதும் பிளாஸ்டிக்கில் மூடியே வையுங்கள். அச்சடித்த தாளையும் அதே ஈரத்தோடு மூடி வைக்க வேண்டும். ஒரு நிறம் அடித்துக் காயவிட்டு, அடுத்த நாள் இன்னொரு நிறம் அடித்தால் ரிஜிஸ்டர் கட்டாயம் தள்ளும். கோஸோ ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். நெடுக்கும் குறுக்கும் ஒரே அளவாகவும் விரியாது. உங்கள் தாளுக்குத் தாள் மாறும் பிழையில் பாதியாவது இதனால்தான் இருக்கும்.

நிறமும் பசையும். வாட்டர்கலரைத் தண்ணீர்விட்டுத் தளர்த்தி ஒரு கிண்ணத்தில் வையுங்கள். நோரியைத் தனியாக, தயிர் பதத்துக்குத் தளர்த்தி வையுங்கள். இரண்டையும் கிண்ணத்திலேயே கலந்துவிடாதீர்கள். பலகையில்தான் கலக்க வேண்டும், அப்போதுதான் விகிதம் உங்கள் கையில் இருக்கும். ஹாகோபி என்ற சின்னக் கட்டுக் குச்சியால் நிறத்தைப் பலகையில் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள், பழைய தூரிகை இருந்தாலும் போதும். தபால் அட்டை அளவு முழுப் பரப்புக்கு நோரி அரைப் பட்டாணி அளவு. கோட்டுப் பலகைக்கு அதிலும் பாதி.

பசை எதற்கு என்று புரிந்துகொண்டால் அளவு தானே வரும். நிறமித் துகள் பலகையில் சமமாகப் பரவி நிற்கவும், சட்டென்று காயாமல் இருக்கவும், தாளில் போய்ப் பிடிக்கவும் அது வேண்டும். குறைந்தால் பரப்பு புள்ளி விழும். கூடினால் தாள் ஒட்டும், நார் கிளம்பும், காய்ந்த பிறகு மேலே ஒரு மினுப்பு தெரியும்.

பிரஷ். முதலில் வட்டமாகச் சுற்றி நிறத்தையும் பசையையும் கலந்து பரப்புங்கள். பிறகு மர ரேகையோடு நீளவாக்கில், கடைசி இரண்டு இழுப்பு கிட்டத்தட்ட எடையே இல்லாமல். அதில் பிரஷ் தடம் மறைந்துவிட வேண்டும். தடம் தெரிந்தால் தாளிலும் தெரியும். ஷூ பிரஷ் தாராளமாகப் போதும், முடி நுனி மட்டும் மென்மையாக வேண்டும். ஜப்பானிய அச்சர்கள் புதுப் பிரஷ்ஷை அப்படியே பயன்படுத்துவதில்லை. நுனியைச் சூட்டில் கருக்கி, சுறாத் தோலில் தேய்த்து, ஒவ்வொரு முடியும் நுனியில் பிளவுபடும்படி செய்வார்கள். பிரஷ்ஷைத் தொட்டி நீரில் முக்கி அப்படியே எடுத்து வரவும் கூடாது. கழுவியதும் நன்றாக உதறித் துணியில் ஒற்றிவிடுங்கள். நீங்கள் சொல்லும் அடர் வளையம் பெரும்பாலும் பிரஷ்ஷில் ஒளிந்திருக்கும் தண்ணீரால் வருவது. பாரென் அழுத்தத்தில் அதிகத் தண்ணீர் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு அங்கே தேங்கும். பள்ளத்தில் தேங்கிய நிறத்தை ஒவ்வொரு தாளுக்கும் முன் ஈரத்துணி முனையை முறுக்கி ஒற்றி எடுங்கள். கென்தோவில் (தாளை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வைக்க உதவும் பள்ளங்கள்) நிறம் ஏறியிருந்தால் அதையும் துடையுங்கள், இல்லாவிட்டால் தாளின் ஓரம் அழுக்காகும்.

நிறம் தடவியதற்கும் தாள் வைப்பதற்கும் இடையே சில நொடிகளுக்கு மேல் விடக்கூடாது. தாளை எடுத்து வைக்கும் இடம், கிண்ணம், துணி, பாரென் எல்லாம் கை எட்டும் தூரத்தில் ஒரே ஒழுங்கில் இருக்கட்டும். ஏசிக் காற்றோ மின்விசிறியோ பலகை மேல் நேராகப் படவே கூடாது.

புள்ளி விழும் பரப்புக்கு கோமாஸுரி என்று பெயர். வேண்டுமென்றே அப்படி அடிப்பவர்களும் உண்டு: தண்ணீர் கூட, பசை இல்லாமல், இலேசான அழுத்தம். உங்கள் தாள்களில் இந்த மூன்றும் தெரியாமலே நடந்துகொண்டிருக்கின்றன. சமமான நிறைவான பரப்பு, அதாவது பேதாஸுரி வேண்டுமென்றால் மூன்றையும் திருப்புங்கள். முதல் அடிப்பில் நிரம்பாவிட்டால் தாளைத் தூக்கிவிட்டு, அதே நிறத்தை மறுபடி தடவி அதே இடத்தில் இரண்டாவது முறை அடிக்கலாம். நல்ல அச்சுகளிலும் அடர் நிறங்கள் இப்படி இரண்டு முறை ஏறியவைதான். ஆனால் அதற்குக் கென்தோ சரியாக இருக்க வேண்டும்.

தாளைப் பற்றி ஒன்று. தோசா என்பது படிகாரமும் விலங்குப் பசையும் கலந்த பூச்சு. அது இல்லாத கோஸோ நிறத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், நார் எழும்பும். பழகும் வரை தோசா பூசிய தாள் வாங்குங்கள். இயந்திரத்தில் செய்த ஷின்-தோரினோகோ மலிவு, முதல் சில அடுக்குகளுக்கு அதுவே போதும். ஃபுகுயி மாகாணத்து எச்சிசென் கிசுகி-ஹோஷோ போன்ற கைத்தாளை உங்கள் பலகையும் பசையும் ஒரு நிலைக்கு வந்த பிறகு தொடுங்கள். இருபது முப்பது முறை தேய்த்தாலும் தாங்கும் தாள் அது, அந்த வலுவுக்காகத்தான் அத்தனை விலை.

---

உளிமுனை

ஈரம் பற்றி மேலே முழுதாகச் சொல்லிவிட்டார். நான் கென்தோவையும் செதுக்கலையும் எடுத்துக்கொள்கிறேன்.

ரிஜிஸ்டர் பிழையைச் சரிசெய்யும் முன் அது எந்த வகைப் பிழை என்று பிரித்துப் பாருங்கள். பத்துத் தாளை வரிசையாகப் பரப்பி, கோட்டுக்கும் நிறத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். பத்திலும் ஒரே பக்கம், ஒரே அளவு தள்ளியிருந்தால் கென்தோ வெட்டியதில் பிழை. முதல் தாளிலிருந்து பத்தாவது வரை கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தால் தாள் காய்ந்துகொண்டே வருகிறது. ஒரு முனையில் சரியாக உட்கார்ந்து மறுமுனையில் மட்டும் தள்ளினால் தாள் விரிந்திருக்கிறது, அல்லது ஹிகித்சுகே என்ற நேர்ப் பள்ளத்தின் கோணம் தவறு. ஒழுங்கே இல்லாமல் நாலா பக்கமும் என்றால் தாளை வைக்கும் கைதான் காரணம், அல்லது தாளின் மூலை சரியான செங்கோணத்தில் வெட்டப்படவில்லை. உங்களுடையது இந்தக் கடைசி வகை என்று தோன்றுகிறது, ஈரப் பிரச்சினையும் கூடச் சேர்ந்திருக்கிறது.

கென்தோ இரண்டு பள்ளங்கள். காகி என்பது மூலையைப் பிடிக்கும் எல் வடிவப் பள்ளம், ஹிகித்சுகே என்பது அதே விளிம்பில் இடம் தள்ளி வரும் நேர்ப் பள்ளம். இரண்டும் உங்களுக்கு நெருங்கிய பக்கத்து நீள விளிம்பில் இருக்க வேண்டும்: காகி வலது மூலையில், ஹிகித்சுகே இடது பக்கம் விளிம்பின் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில். படத்துக்கும் கென்தோவுக்கும் இடையே குறைந்தது 1 செ.மீ. விடுங்கள். காகியின் கைகள் ஒவ்வொன்றும் 1.5 முதல் 2 செ.மீ., ஹிகித்சுகே 2 செ.மீ. தபால் அட்டைக்குப் போதும்.

வெட்டும் விதத்தில்தான் பலருக்கும் தப்புகிறது. தாளின் விளிம்பு முட்டி நிற்கும் சுவர் செங்குத்தாக வேண்டும். அந்தச் சுவரின் அடியிலிருந்து படம் இருக்கும் பக்கம் தரை மெல்ல ஏறிப் பலகை மட்டத்தைத் தொட வேண்டும். ஆழம் 1 மி.மீ. தாண்டக் கூடாது. ஆழமாகத் தோண்டினால் ஈரத்தாள் அதற்குள் வளைந்து இறங்கும், ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி இறங்கும். கென்தோ-நோமி இல்லாவிட்டால் நன்றாகத் தீட்டிய 12 மி.மீ. தச்சு உளி போதும். உளியின் தட்டை முதுகு சுவர் பக்கம் இருக்கட்டும். ஒரே செங்குத்து அழுத்து, பிறகு படத்தின் பக்கமிருந்து சாய்வாக ஒரு சீவு.

தாளை வைக்கும்போது முதலில் காகியில் மூலை உட்கார வேண்டும். வலது கைக் கட்டைவிரலால் அதைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் விளிம்பை ஹிகித்சுகேயில் சேர்த்து, பிறகுதான் தாளின் மறுமுனையைக் கீழே விட வேண்டும். இரண்டு பள்ளமும் பிடிக்காமல் தாள் பலகையைத் தொட்டால் அந்தத் தாள் வீண். நகர்த்திச் சரிசெய்யலாம் என்று இழுத்தால் நிறம் இழுகும்.

கென்தோவே தப்பியிருந்தாலும் பலகையைத் தூக்கிப் போட வேண்டாம். சுவரை முடியளவு சீவினால் தாள் அந்தப் பக்கம் நகரும், அப்போது தாளின் அந்த விளிம்பிலிருந்து நிறம் விலகி விழும். எதிர்த்திசையில் வேண்டுமானால் சுவரோடு மெல்லிய மரச்சீவல் ஒன்றை ஒட்டுங்கள், நிறம் விளிம்பை நெருங்கி விழும். முதலில் ஒரு காகிதத் துண்டை மடித்து வைத்து எவ்வளவு தேவை என்று பார்த்துக்கொள்ளலாம்.

1765 வாக்கில் ஓவியர் சுசுகி ஹாருநோபு காலத்தில் பல நிற நிஷிகி-எ அச்சுகள் பெருகியதற்கு இந்த இரண்டு பள்ளங்களும் முக்கியமான காரணம். பத்துப் பலகையும் ஒரே கோட்டில் உட்காராவிட்டால் அந்த நிறங்கள் எதுவும் சாத்தியமே இல்லை. அதனால் கென்தோவுக்குப் படத்தைவிட அதிக நேரம் கொடுத்தாலும் தகும்.

நிறப் பலகைகளுக்குப் படத்தை எப்படி மாற்றினீர்கள் என்று சொல்லவில்லை. டிரேசிங் தாளில் வரைந்து மாற்றியிருந்தால் பிழை அங்கேயே தொடங்கியிருக்கும். முறை இது: முதலில் கோட்டுப் பலகையைச் செதுக்கி முடியுங்கள், கென்தோவின் கோடுகளும் மேடாக அதிலேயே நிற்கட்டும். அதிலிருந்து மெல்லிய தாளில் நிறப் பலகைக்கு ஒன்று வீதம் சுமியில் அச்செடுங்கள். இந்தத் தாள்களுக்குக் க்யோகோ என்று பெயர். இவற்றை மட்டும் நனைக்காமல் உலர்ந்த தாளில் எடுக்க வேண்டும், நனைத்தால் விரிந்த அளவில் பதிந்து பிறகு சுருங்கிவிடும். எந்தப் பலகைக்கு எந்தப் பரப்பு என்று சிவப்பில் நிரப்பி, முகம் கீழாகப் பலகையில் ஒட்டுங்கள். இப்போது கென்தோவும் படத்தோடு சேர்ந்தே எல்லாப் பலகைக்கும் போய்விடுகிறது.

ஒட்டுவதற்குப் பலகையில் நோரியை மிக மெல்லிதாக, உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சமப்படுத்துங்கள். தாளை வைத்து நடுவிலிருந்து வெளியே நீவுங்கள். பாதி காய்ந்ததும் விரல் நுனியை ஈரமாக்கி முதுகுப் படலத்தை உருட்டி உரித்தால் கோடு தெளியும். முழுதும் காய்ந்த பிறகு ஒரு துளி ட்சுபாகி (காமெலியா விதை) எண்ணெய் தடவினால் மீதித் தாள் கண்ணாடி போலாகிவிடும். முதல் ஓவியத்தை ஒட்டும் ஹான்ஷிதாவுக்கும் இதே முறைதான். முகம் கீழாக ஒட்டுவதால் இடவலம் தானே திரும்பிவிடும், நீங்கள் திருப்பி வரைய வேண்டாம். இன்க்ஜெட்டில் எடுத்த நகலை ஒட்டினால் நோரி ஈரத்தில் மை கலைந்துவிடலாம், டோனர் நகல்தான் பத்திரம்.

கோடு உதிர்வது. இதற்கு இரண்டு காரணம் உண்டு: மழுங்கிய கத்தி, தவறான சாய்வு. கோடு வெட்டும் கத்தியான ஹாங்கிதோவை முஷ்டியில் பிடித்து, கட்டைவிரலைப் பிடியின் தலையில் வைத்து, மறுகையின் விரலை அலகின் பக்கத்தில் வைத்துத் திசை கொடுங்கள். கோட்டை ஒட்டி வெட்டும்போது அலகு கோட்டுக்கு வெளிப்பக்கமாகச் சாய்ந்து இறங்க வேண்டும், கோட்டின் அடி தலையைவிட அகலமாக நிற்க வேண்டும். செங்குத்தாகவோ உள்பக்கமாகவோ வெட்டிவிட்டால் கோட்டின் அடி மெலிந்துவிடும், பாரென் அழுத்தத்தில் உதிரும். பிறகு 1 மி.மீ. தள்ளி எதிர்ச்சாய்வில் இரண்டாவது வெட்டு, நடுவிலிருந்து ஒரு மெல்லிய சீவல் வெளியே வரும். அந்தச் சீவல் நீளமாக, அறுபடாமல் வந்தால் கத்தி கூர்மையாக இருக்கிறது. துகளாக வந்தால் நிறுத்தித் தீட்டுங்கள்.

எல்லாக் கோட்டையும் இப்படிச் சுற்றி வெட்டிய பிறகுதான் அகலமான இடங்களைத் தோண்ட வேண்டும். கோட்டுக்கு அருகில் 1.5 மி.மீ. ஆழம் போதும், விலகிப் போகப் போக ஆழம் கூட வேண்டும். அகலமான வெற்றிடத்தில் ஈரத்தாள் தொங்கி அடியைத் தொடும், அங்கே 3 மி.மீ. வரை இறங்குங்கள்.

ஹாங்கிதோவுக்கு 1000 எண் நீர்க்கல், பிறகு 6000. ஒரு பக்கம் மட்டும் சாய்வு உள்ள அலகு. சாய்வை முழுதாகக் கல்லில் படியவைத்துத் தேயுங்கள். முதுகில் பிசிர் தட்டுப்பட்டதும் முதுகைக் கல்லில் தட்டையாகக் கிடத்தி இரண்டே இழுப்பு. முதுகைத் தூக்கினால் அலகு கெட்டது. செட்டில் உள்ள ஐந்தையும் மாற்ற வேண்டாம். 6 மி.மீ. ஹாங்கிதோ ஒன்று மட்டும் நல்லதாக வாங்குங்கள், கூடவே 3 மி.மீ. ஐசுகி (கோட்டருகே மரத்தை அகற்றும் தட்டை உளி). மற்றதெல்லாம் இருப்பதே போதும்.

---

கவாசாகிவாசி

இருவருக்கும் மிக்க நன்றி. டிரேசிங் தாளில்தான் மாற்றியிருந்தேன், க்யோகோ முறையில் நிறப் பலகைகளை மறுபடி செய்கிறேன். இன்னும் மூன்று கேள்விகள். பாரென் எதை வாங்கலாம்? வானத்தில் மேலே அடர் நீலம், கீழே வெளுத்து மறைய வேண்டும், தொடக்கத்திலேயே அதை முயலலாமா? நனைத்த தாள் எத்தனை நாள் தாங்கும்? இப்போது சுயு மழைக்காலம், வீடே ஈரமாக இருக்கிறது.

---

மூங்கில்மடல்

பாரென் கேள்விக்கு என் பதில்: அட்டை பாரென் கோட்டுப் பலகைக்குப் போதும், நிறப் பரப்புக்குப் போதாது. காரணம் அதன் உட்புறம். அசல் ஹொன்-பாரெனுக்குள் மூங்கில் மடலைக் கிழித்து முறுக்கிய கயிறு சுருளாகப் படுத்திருக்கும். அந்தக் கயிற்றின் முடிச்சு முடிச்சான மேடுகள்தான் தாளின் முதுகில் நூற்றுக்கணக்கான சிறு புள்ளிகளாக அழுத்தி நிறத்தை நாருக்குள் தள்ளுகின்றன. அட்டையில் அந்த மேடு கிடையாது, எவ்வளவு அழுத்தினாலும் அழுத்தம் பரவிப் போய்விடும். மேலே பலகை, தாள், பசை எல்லாம் சரியான பிறகும் புள்ளி மிச்சமிருந்தால் அது பாரெனால்தான்.

ஹொன்-பாரென் விலை தொடக்கக்காரருக்கு நியாயமானதல்ல. வெளித்தட்டே மெல்லிய தாள்களை அடுக்கடுக்காக ஒட்டி அரக்குப் பூசிச் செய்வது, சுருள் தனிக் கைவேலை. நடுத்தர விலையில் பிளாஸ்டிக் கயிற்றுச் சுருள் வைத்த முராசாகி பாரென் கிடைக்கும், ஷின்ஜுகு செகாய்டோ போன்ற ஓவியப் பொருள் கடைகளில் விசாரியுங்கள். தபால் அட்டையிலிருந்து ஓபான் அளவு வரை, அதாவது சுமார் 39 × 26.5 செ.மீ. வரை, அதுவே தாக்குப்பிடிக்கும். எஃகுக் குண்டு வைத்த பாரென் பெரிய பரப்புக்கு வலுவானது, ஆனால் மெல்லிய கோட்டுப் பலகையில் அதை வைக்காதீர்கள்.

தேய்க்கும்போது விரலால் அழுத்தாமல் உள்ளங்கையின் அடிப்பகுதியில் தோள் எடையை இறக்குங்கள். உட்கார்ந்த உயரம் சரியாக வேண்டும்: பலகை தாழ்வாகவும் தோள் அதற்கு மேலாகவும் இருந்தால்தான் எடை இறங்கும். ஜப்பானிய அச்சர்களின் மேசை உங்களுக்கு எதிர்ப்புறமாகச் சரிந்திருப்பது இதற்குத்தான். கென்தோ பக்கத்தில் தொடங்கிக் குறுகிய வளைவுகளாக மறுமுனை வரை போங்கள், பிறகு குறுக்காக ஒரு முறை. ஒரே திசையில் நீளமாக இழுத்தால் பாரென்சுஜி என்ற கோட்டுத் தடம் விழும். பாரெனைச் சுற்றியிருக்கும் மூங்கில் மடலின் மேல் ட்சுபாகி எண்ணெய் தோய்த்த துணியில் அவ்வப்போது ஒரு தேய்ப்பு, உராய்வு போய்விடும். சமையல் எண்ணெய் வேண்டாம், அது நாளடைவில் பிசுபிசுத்துத் தாளை இழுக்கும். தாள் மெல்லியதாக இருந்தாலோ முதுகு பஞ்சாக எழும்பினாலோ மேலே ஒரு பேக்கிங் தாளை வைத்துத் தேயுங்கள்.

போகாஷி, அதாவது நீங்கள் கேட்ட வெளுத்து மறையும் சாயல், தொடக்கத்திலேயே முயலலாம், தபால் அட்டை அளவில் கஷ்டமில்லை. வானத்துக்குத் தனிப் பலகை தேவையில்லை, தட்டையான பரப்பு ஒன்று போதும், சாயல் முழுக்கப் பிரஷ்ஷின் வேலை. முதலில் வானப் பரப்பு முழுவதையும் ஈரத்துணியால் துடையுங்கள், தேங்கக் கூடாது. அகலமான பிரஷ்ஷை நனைத்து ஒற்றிவிட்டு, அதன் ஒரு முனையில் மட்டும் நிறத்தை ஏற்றுங்கள். நிற முனை வானத்தின் மேல் விளிம்பிலும், வெறும் ஈர முனை கீழ்ப்பக்கமும் இருக்கும்படி பிடித்து, விளிம்புக்கு இணையாக இடமும் வலமும் ஓட்டுங்கள். பிரஷ்ஷைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கி மறுபடி மேலே கொண்டுபோகலாம், ஆனால் முனை மாற்றிப் பிடிக்கவே கூடாது. நோரி மிகக் குறைவு, அதுவும் அடர்ந்த பக்கம் மட்டும்.

ஒரே அடிப்பில் ஆழமான நீலம் வராது, வரவும் வேண்டாம். முதலில் முழு வானத்துக்கும் வெளிறிய நீலம் சமமாக ஒரு முறை, அதன் மேல் போகாஷி, தேவையானால் விளிம்பில் இன்னும் குறுகலாக இன்னொரு போகாஷி. மூன்றும் சேர்ந்தால்தான் அந்த ஆழம். மேல் விளிம்பில் நேர்ப்பட்டையாக மட்டும் நிற்கும் சாயலுக்கு இச்சிமொஞ்சி போகாஷி என்று பெயர், ஓவியர் ஹிரோஷிகேயின் வானங்களில் நிறையப் பார்க்கலாம். ஒவ்வொரு தாளுக்குப் பிறகும் வெளுத்த பகுதியைத் துடைத்துவிடுங்கள். நிறம் பலகையில் ஊர்ந்து இறங்கிக்கொண்டே வரும், ஐந்தாவது தாளில் சாயல் போய் முழு நீலமாகிவிடும். நீலத்துக்குப் பிரஷ்யன் ப்ளூ எடுங்கள், 1830 வாக்கில் எடோவில் (இன்றைய டோக்கியோ) பெரோ-ஐ என்ற பெயரில் பரவிய அதே நிறமி. துகள் மிக நுண்ணியது, தண்ணீரில் நன்றாகப் பரவும், சாயல் உடையாமல் வரும். கோபால்ட் நீலத்தில் துகள் தனித்து நிற்கும்.

வரிசை: கோட்டுப் பலகை முதலில், பிறகு சின்ன வெளிறிய பரப்புகள், பெரிய அடர்ந்த பரப்பும் போகாஷியும் கடைசியில். பெரிய பரப்பு தாளுக்கு நிறைய ஈரம் கொடுக்கும், அதை முதலில் அடித்தால் அடுத்த நிறங்கள் எல்லாம் தள்ளும்.

நேரம் கிடைத்தால் மெஜிரோவில் அடாச்சி மர அச்சு நிறுவனத்தின் காட்சிக்கூடத்துக்குப் போய்ப் பாருங்கள், செய்முறைக் காட்சிகளும் நடத்துகிறார்கள். அச்சரின் கையைவிடப் பிரஷ்ஷை எப்போது கழுவுகிறார், துணியை எப்போது எடுக்கிறார் என்று கவனியுங்கள்.

---

ஈரத்தாள்

பூஞ்சை பற்றி. சுயு காலத்தில் நனைத்த அடுக்கு இரண்டு நாள் தாங்கும், மூன்றாவது நாள் பழுப்புப் புள்ளி தென்படலாம். நோரி ஏறிய தாளில் இன்னும் சீக்கிரம். வேலை முடியவில்லை என்றால் அடுக்கைப் பிளாஸ்டிக்கில் இரட்டையாகச் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள், ஈரமும் அப்படியே இருக்கும். மறுநாள் பிரிக்காமல் அறையில் வைத்து முழுதும் இளக விட்ட பிறகு திறங்கள். உறைந்த நிலையில் பிரித்தால் தாள் கிழியும்.

பலகையை ஒவ்வொரு நாளும் கழுவி, செங்குத்தாக நிறுத்தி, இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி காயவையுங்கள். தரையில் கிடத்தினால் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து வளையும். வெயிலில் வைக்கக் கூடாது, ஷினாவின் படலம் பிரியும். நோரியும் கெட்டுப்போகும்: தளர்த்திய பசையை அன்றன்றைக்கு மட்டும் கரையுங்கள். ட்யூப் பசை தீர்ந்தால் அரிசி மாவு 1 பங்குக்குத் தண்ணீர் 5 பங்கு, சிறு தீயில் கிளறி, வெள்ளை மறைந்து கண்ணாடிப் பதம் வந்ததும் இறக்கி, துணியில் வடிகட்டினால் போதும். குளிர்பெட்டியில் நான்கைந்து நாள் நிற்கும்.

முடிந்த அச்சுகளைக் கொடியில் தொங்கவிடாதீர்கள், அலையலையாகக் காயும். உலர்ந்த அட்டைகளுக்கு நடுவே வைத்து எடை ஏற்றி, அட்டைகளை முதல் நாள் இரண்டு முறை மாற்றுங்கள்.

---

குறுக்குரேகை

தாமதமாக வருகிறேன். உளிமுனை சொன்னதில் கத்தி பற்றி முழுதும் ஒப்புக்கொள்கிறேன், ஷினா பற்றி மட்டும் ஒரு மாற்றுக் கருத்து. நிறப் பலகைகளுக்கு ஷினா சரியான தேர்வு: மென்மை, தண்ணீரை நன்றாகப் பிடிக்கும், ப்ளைவுட் என்பதால் ஈரத்தில் அதிகம் விரியாது, இரண்டு பக்கமும் செதுக்கலாம். ஆனால் 1 மி.மீ.க்குக் கீழான கோட்டை ஷினாவில் எதிர்பார்ப்பது மரத்தின் மேல் அநியாயம். எவ்வளவு கூர்மையான கத்தியானாலும் ரேகைக்குக் குறுக்கே அது தாங்காது. எடோ காலச் செதுக்கர்கள் மலைச் செர்ரியான யமசகுராவில்தான் செதுக்கினார்கள். கடினம், ரேகை நெருக்கம், நெற்றி முடியை 1 மி.மீ.க்குள் இரண்டு மூன்று கோடாகப் பிரிக்கும் அளவுக்கு விளிம்பு நிற்கும்.

அதற்காக இப்போதே செர்ரிப் பலகை வாங்கச் சொல்லவில்லை. அகலமான பலகை அரிது, விலையும் அதிகம், கடின மரத்தில் பழகாத கை வழுக்கும். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, படத்தைப் பலகைக்கு ஏற்ப வரையுங்கள்: மிக மெல்லிய கோடுகள் ரேகையோடு ஓடட்டும், குறுக்கே போகும் கோடுகள் 1.5 மி.மீ. இருக்கட்டும். பலகையை எந்தத் திசையில் வெட்டுவது என்பதையும் படத்தைப் பார்த்தே முடிவு செய்யலாம். மழைக் கோடுகள் செங்குத்தாக வேண்டுமானால் ரேகையும் செங்குத்தாகப் போகட்டும். இரண்டாவது வழி, கோட்டுப் பலகைக்கு மட்டும் கட்சுரா அல்லது ஹோ மரத்தில் தபால் அட்டை அளவுத் துண்டு ஒன்று. ஷினாவைவிடக் கோட்டைப் பிடிக்கும், செர்ரியைவிடக் கைக்கு இணங்கும்.

ஏற்கெனவே உதிர்ந்த கோடுகளுக்கு மறுபடி முழுப் பலகை வேண்டியதில்லை. உதிர்ந்த துண்டு கையில் இருந்தால் மரப்பசையில் அதே இடத்தில் ஒட்டி, ஒரு நாள் காயவிட்டால் போதும், தண்ணீர் தாங்கும் வகைப் பசையாக மட்டும் பாருங்கள். துண்டு தொலைந்துவிட்டால் இரெகி: உதிர்ந்த இடத்தைச் சுற்றி ஓடம்போல் இரு முனையும் கூர்மையான குழி ஒன்று, 3 மி.மீ. ஆழம், சுவர்கள் அடியில் சற்றுக் குறுகலாக. அதே வடிவத்தில் ஆப்பு ஒன்றைச் செதுக்கி, அதன் ரேகை பலகையின் ரேகையோடு ஒரே திசையில் ஓடும்படி, பசை தடவித் தட்டி இறக்குங்கள். காய்ந்ததும் மேல் மட்டத்தைச் சீவிச் சமப்படுத்தி, கோட்டை மறுபடி வரைந்து செதுக்கலாம். ஆப்பு பலகை மட்டத்துக்கு மேலே கால் மி.மீ. நின்றாலும் அச்சில் அந்த இடம் கறுப்பாக அழுந்தித் தெரியும். சீவிய பிறகு நேர்விளிம்பு ஒன்றை வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.